கிரேவிக்குப் பிடிக்காத பூங்கா

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கம், ரயில் பாதைக்கும் மூடிப்போன தோல் தொழிற்சாலையின் சுவருக்கும் நடுவில் ஒரு நாய்ப் பூங்கா இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வேலி நிற்பதற்குக் காரணம் ராக்ஸான் ப்ருஸ்கி. இன்று அந்த வேலிக்குள் போகாமல், அந்தத் தெருப் பக்கமே திரும்பாமல் சுற்றிக்கொண்டு போகிறவரும் அதே ராக்ஸான்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ராக்ஸான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயது. அவர் வீட்டு மாடிப் போர்ஷனில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். கீழே அவர் தும்மினால் மேலே என் தட்டு அதிரும். கடைசி சீட்டில் அடுத்தவன் தொப்பியைப் பிடுங்குகிற பையனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, திரும்பாமலே உட்கார வைக்கிற குரல் அது. கணவர் டேல் ஒரு படகு வாங்கிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போனவர், படகோடே இருந்துவிட்டார். மகள் அரிசோனாவில். ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே போன் செய்வாள். தண்ணீர்ச் சத்தம்தான் பாதி கேட்கும்.

முதலில் அவரிடம் இருந்தது ஹாங்க். கறுப்பு நிறம், அகலமான முதுகு, குப்பை லாரியைப் பார்த்தாலும் வாலாட்டுகிற ஜென்மம். ஹாங்க்கைக் கயிறில்லாமல் ஓட விட அக்கம்பக்கத்தில் இடமே இல்லை என்றுதான் ராக்ஸான் கிளம்பினார். குடியிருப்போர் கூட்டம் எங்கே நடந்தாலும் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே அங்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். நாற்றம் அடிக்கும் என்று ஒருவர், கார் நிறுத்த இடம் இருக்காது என்று இன்னொருவர், குழந்தைகளுக்கு ஊஞ்சல் போடலாமே என்று மூன்றாமவர். எல்லோருக்கும் எழுந்து எழுந்து பதில் சொன்னார். வேலிக்குக் காசு சேர்க்க, கோடைக்காலம் முழுக்க சனிக்கிழமைகளில் ஹார்டுவேர் கடை வாசலில் அடுப்பைப் போட்டு பிராட்வுர்ஸ்ட் என்கிற தொத்திறைச்சியைச் சுட்டு, பன்னில் வைத்து விற்றார். ஹாங்க் அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கும். பாதிப் பேர் அதன் மூஞ்சிக்காகத்தான் வாங்கினார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. கடைசியில் அனுமதி கிடைத்தது. கம்பம் நடுவதற்குப் பனி உருகட்டும் என்று காத்திருந்த அந்தக் குளிரில், ஹாங்க் சமையலறைத் தரையில் படுத்தது எழுந்திருக்கவில்லை.

வசந்தத்தில் ரிப்பன் வெட்டினார்கள். ராக்ஸான்தான் வெட்டினார். உள்ளே இருபது நாய்கள் ஓடின. அவர் கையில் கத்திரிக்கோல் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் தினமும் போனார். மதியம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, தெர்மாஸில் காப்பி ஊற்றிக்கொண்டு போய் பெஞ்சில் உட்காருவார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார், யாரும் எடுக்காமல் விட்டுப்போன அசிங்கத்தைப் பையில் அள்ளுவார். புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இதுல எது உங்க நாய்?"

"வேலிதான் என் நாய். குரைக்காது, கடிக்காது, எங்கயும் ஓடாது."

முதல் தடவை சிரிப்பார்கள். பிறகு ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாய் இல்லாமல் நாய்ப் பூங்காவில் உட்கார்ந்திருப்பது, பத்திரிகை வைக்காத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்வது மாதிரி. ஒருநாள் ஒரு இளம் அம்மா தன் குழந்தையை அவர் பெஞ்சிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். அன்று மாலை ராக்ஸான் என் கதவைத் தட்டினார்.

"கண்ணு, டென்னசிலேர்ந்து வேன் வருதாம். சனிக்கிழமை. நாய் எடுக்கப் போறேன், கூட வர்றியா?"

அங்கேதான் தப்பு தொடங்கியது. நாய்க்காகப் பூங்கா கட்டினவர், பூங்காவுக்காக நாய் எடுத்தார். இந்த ஊரில் எத்தனை பேர் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

தெற்கிலிருந்து கைவிடப்பட்ட நாய்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன், சர்ச் வாசலில் வந்து நின்றது. ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எல்லாம் குதித்தன, நக்கின, மேலே பாய்ந்தன. கடைசியாக இறங்கியது மண் நிறத்தில் ஒன்று. ஒரு காது மடிந்திருந்தது. இறங்கியவுடன் வேனின் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. யாரையும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றாள் கொண்டுவந்த பெண்.

"பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா எல்லாம் சரியாயிடும்" என்றார் ராக்ஸான். கிரேவி என்று பெயர் வைத்தார்.

வீட்டில் கிரேவி தங்கம். இரண்டே வாரத்தில் என் மாடிப்படியில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுக்கத் தொடங்கிவிட்டது. நான் இறங்கினால் எழுந்திருக்காது, என்னைத் தாண்டிப் போகச் சொல்லி வாலை மட்டும் சுருட்டிக்கொள்ளும். தெருவில் கயிற்றோடு நடக்கும்போது எதிரே வேறு நாய் வந்தால் ஒரு பார்வை பார்க்கும், அப்புறம் புல்லை மோந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கும். அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அடிக்கடி நினைத்து வயிறெரிகிற விஷயம் இது.

பூங்காவுக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்தி, நடுக் கூண்டில் நின்று கயிற்றைக் கழற்றி, பிறகு இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். புதிதாக ஒரு நாய் நடுக் கூண்டுக்குள் வந்துவிட்டால் போதும், உள்ளே இருக்கும் அத்தனையும் அந்தக் கதவுக்கு ஓடிவந்து மூக்கை நீட்டி நெருக்கும். கிரேவி முதல் நாள் அந்தக் கூண்டில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. ராக்ஸான் அதைப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே விட்டார். அது நேரே பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்தது. மற்றவை சுற்றி நின்றன.

பூங்காவில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. நாயின் பெயர்தான். மூஸ் அப்பா, நட்மெக் அம்மா, இப்படி. ஹாங்க்கைப் பார்த்திருந்தவர்களுக்கு ராக்ஸான் அதுவரை ஹாங்க் அம்மா, அன்றிலிருந்து கிரேவி அம்மா ஆனார். மூஸ் என்பது மஞ்சள் நிறத்தில் ஒரு கன்றுக்குட்டி அளவு நாய். அதன் அப்பா, ஓய்வு பெற்ற பிளம்பர், நல்ல மனுஷர், எந்நேரமும் பேக்கர்ஸ் ஃபுட்பால் அணியின் தொப்பி.

"விடு கிரேவி அம்மா, அதுங்களுக்குள்ள அதுங்களே பேசித் தீத்துக்கும்" என்றார் அவர்.

"பயப்படுதே."

"முதல் நாள் யாருதான் பயப்படல? தண்ணில தூக்கிப் போட்டாத்தான் நீச்சல் வரும்."

"உங்கள அப்படித்தான் போட்டாங்களா?" என்று கேட்டாள் நட்மெக் அம்மா. ஒல்லியாக, சிரிக்காமலே கிண்டல் செய்கிறவள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

"எங்க அண்ணன் தூக்கிப் போட்டான்."

"நீச்சல் வந்துச்சா?"

"இல்ல, மூக்குல தண்ணிதான் போச்சு. ஆனா இது நாயி."

எல்லோரும் சிரித்தார்கள். ராக்ஸானும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பில் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது. பெஞ்சுக்கு அடியில் கிரேவி உதட்டை நக்கி நக்கிக் கொட்டாவி விட்டது. தூக்கம் வருகிறது போல என்றார் யாரோ. தூக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, பயந்த நாய் அப்படித்தான் செய்யும். அதைப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

தினமும் போனார்கள். கோடை முடிந்து இலை உதிர ஆரம்பித்தது. கிரேவிக்கு எதுவும் சரியாகவில்லை, மோசமானது. கார், தோல் தொழிற்சாலை முனையில் திரும்பியதுமே மூச்சிரைக்கும், கார் சீட் முழுக்க ரோமம் உதிரும். உள்ளே பெஞ்சுக்கு அடியில் யாராவது மூக்கை நீட்டினால் பல்லைக் காட்டியது. அதைவிடக் கொடுமை, தெருவிலும் மாறிவிட்டது. எதிரே ஒரு நாய் வந்தால் பேசாமல் போய்க்கொண்டிருந்த கிரேவி, இப்போது தூரத்தில் ஒரு வால் தெரிந்தாலே கயிற்றை இழுத்து, எழும்பி நின்று, தொண்டை கிழியக் குரைத்தது. நீ கிட்ட வருவதற்குள் நானே உன்னை விரட்டிவிடுகிறேன் என்பது போல.

நான் ஒருநாள் வாயைத் திறந்தேன்.

"ராக்ஸான், முன்னாடி தெருவுல நாயப் பாத்தா இவன் கண்டுக்கவே மாட்டானே?"

"அதுக்குத்தான் கண்ணு, பழகணும்."

"பழகிப் பழகித்தானே இப்படி ஆயிருக்கான்?"

"நீ என் மாடில குடியிருக்கியா, என் மண்டைல குடியிருக்கியா?"

"சொல்றதச் சொல்லிட்டேன்."

அவர் கிரேவியின் கழுத்தில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ரெண்டரை மணிக்கு பஸ்ஸ விட்டுட்டு வர்றேன். மறுநாள் காலைல பஸ் எடுக்கற வரைக்கும் என்கிட்ட யாரு பேசறா சொல்லு. நீ மேல காதுல எதையோ மாட்டிட்டு உக்காந்திருப்ப. என் பொண்ணு குழாயத் திறந்து விட்டுட்டுப் பேசுவா. அங்க போனா ஒரு பதினாலு பேரு நான் வந்ததும் நகந்து இடம் குடுக்கறாங்க. நான் ஒருநாள் வரலன்னா ஏன் வரலன்னு கேக்கறாங்க. இதுக்காக இவன் கொஞ்சம் பல்லக் கடிச்சிட்டு இருக்கக் கூடாதா?"

அவருக்கு வேண்டியது கண்ணெதிரே இருந்தது, அதற்கு விலை கொடுப்பது கிரேவி. இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும், அதனால்தான் அந்தக் கோபம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நானும் கூடப் போயிருந்தேன். கூட்டம் அதிகம். ஒரு வாலிபன் முதல் தடவையாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தான், காதில் இயர்போன். கதவைத் திறந்து குட்டியை உள்ளே விட்டுவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே ஓரமாகப் போய் நின்றுகொண்டான். குட்டி ஓடியது. பெரிய நாய் ஒன்று அதைக் காலால் அமுக்கியது. குட்டி வீல் என்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நாலு பக்கமிருந்தும் நாய்கள் பாய்ந்தன. குட்டி பயந்து ஓடி நுழைந்த இடம் கிரேவியின் பெஞ்சு.

மூஸ் வேகத்தில் வந்து கிரேவியின் மேலேயே விழுந்தது. அதன் மேல் இன்னும் இரண்டு. அந்தக் குவியலுக்கு அடியில் மண் நிறத்தில் ஒரு கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது.

"விளையாடுதுங்க, விளையாடுதுங்க" என்றார் மூஸ் அப்பா. கையில் காப்பி.

"இது விளையாட்டில்ல" என்று நட்மெக் அம்மா எழுந்தாள்.

ராக்ஸான் யாருக்கும் காத்திருக்கவில்லை. நடுவில் கையை விட்டு கிரேவியின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். அந்த நேரத்தில் எந்தக் கை யாருடையது என்று எந்த நாய்க்குத் தெரியும்? கிரேவி அந்த மணிக்கட்டைக் கடித்துவிட்டது.

சட்டென்று எல்லாம் விலகின. தரையில் பரப்பியிருந்த மரச்சீவல் மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம். கடித்தது யாரை என்று கிரேவிக்குத் தெரிந்த கணத்தை நான் பார்த்தேன். அது அப்படியே வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு ராக்ஸானின் பூட்ஸ் அருகே வந்து முகத்தை மூடிக்கொண்டது. அந்த வாலிபன் குட்டியைத் தூக்கிக்கொண்டு, "எந்த நாய் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டான். அவனை அங்கேயே உலுக்கியிருப்பேன்.

மூஸ் அப்பா தன் மப்ளரைக் கழற்றி மணிக்கட்டில் சுற்றினார். சுற்றிக்கொண்டே சொன்னார்.

"கோவிச்சுக்காத கிரேவி அம்மா. எல்லா நாயும் எல்லாத்துக்கும் செட் ஆவாது. அந்த வேன்காரங்க திருப்பி எடுத்துக்குவாங்க. குடுத்துட்டு, பார்க்குக்கு ஏத்த மாதிரி ஒண்ணா பாத்து எடு. ஹாங்க் மாதிரி."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். யார் முகத்திலும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எரிச்சல். சட்டை சரியில்லை, மாற்றிக்கொள் என்று சொல்வது போல அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள்.

கையில் தையல் போட்டார்கள். பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில் ராக்ஸான் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வேன்காரப் பெண்ணுக்கு போன் செய்திருக்கிறார். அவளும் சனிக்கிழமை சர்ச் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எனக்குத் தெரியும்.

"நீதான் ஓட்டணும். எனக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியாது."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"அவனுக்கும் நல்லது. வேற யாராவது பண்ணை வீட்டுல வெச்சுப்பாங்க."

"உங்களுக்கு அந்தப் பதினாலு பேரு வேணும். அதச் சொல்லுங்க."

"ஆமா, வேணும். வேணும்னு சொல்றது என்ன பாவமா?"

மறுநாள் கிரேவியின் போர்வையை மடித்துப் பின்சீட்டில் வைத்தார், அதன் தட்டை வைத்தார், அது எப்போதும் தூக்கிக்கொண்டு திரியும் ஒரு பழைய கையுறையையும் வைத்தார். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில். கிரேவி பின்னால்.

சர்ச்சுக்குப் போகும் வழி தோல் தொழிற்சாலை முனையைத் தாண்டித்தான். முனை நெருங்கியதும் பின்னால் மூச்சிரைப்பு தொடங்கியது. கிரேவி கதவோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. நகம் ரெக்ஸினில் கிறீச்சிட்டது. ராக்ஸான் திரும்பிப் பார்த்தார். நான் முனையில் திரும்பவில்லை, நேரே போனேன்.

மூச்சிரைப்பு நின்றது.

அவ்வளவுதான் நடந்தது. கிரேவி ஜன்னல் வழியே பின்னால் போகும் சுவரைப் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு, மனுஷன் விடுவது போலவே. முன்சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டி, ராக்ஸானின் கட்டுப்போட்ட கையை ஒட்டி மோவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது. பூங்கா இல்லை, அது போதும் அதற்கு.

சர்ச் கோபுரம் தெரிந்தது.

"நேரா போ."

"சர்ச் வலது பக்கம்."

"நேரா போன்னா நேரா போ. பஸ் டிரைவர் நானா நீயா?"

"இப்போ ஓட்டறது நான்."

"அப்ப ஒழுங்கா ஓட்டு. கஸ்டர்ட் கடை வரைக்கும் போ."

அந்தக் குளிரில் கஸ்டர்ட் கடை வாசலில் காரை நிறுத்தி, ஐஸ்கிரீம் போலிருக்கும் அந்த வெனிலாவை ஒரு கப் வாங்கி, இடது கையால் கிரேவிக்கு ஊட்டினார். அழுதுகொண்டே திட்டினார். கிரேவியை இல்லை, தன்னையும் இல்லை. அந்த வேலியை.

அடுத்த வாரம் கிரேவியை வீட்டில் விட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஒரு தடவை போனார், சொல்லிக்கொண்டு வர. நானும் போனேன். எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"குடுத்தாச்சா?" என்றார் மூஸ் அப்பா.

"இல்ல. இந்த பார்க்கைத்தான் விடப் போறேன்."

"என்ன பேசற நீ?"

"பழக்கறதுக்குன்னு சொல்லி இங்க கொண்டுவர்றோமே, இங்க எது பழகுது? உங்க மூஸு ஏற்கெனவே பழகினவன். அவனுக்கு இது நல்ல இடம், நான் இல்லன்னு சொல்லல. என் ஹாங்க்குக்கும் நல்லா இருந்திருக்கும். ஆனா ஹாங்க எங்க விட்டாலும் சந்தோஷமாத்தான் இருந்திருப்பான். பயப்படற நாயக் கொண்டாந்து இருபது நாய்க்கு நடுவுல கயித்த அவுத்து விட்டா அது என்னத்தப் பழகும்? பயத்தத்தான் பழகும்."

"அப்ப நாங்க எல்லாம் முட்டாளா?"

"அப்படிச் சொன்னேனா? இது நாய்ங்க பழக வர்ற இடமில்ல, நாம பழக வர்ற இடம். நானும் அதுக்குத்தான் வந்தேன்."

"நீயே கட்டிட்டு நீயே குத்தம் சொல்லு. நல்லா இருக்கு" என்று மூஸ் அப்பா பந்தை வீசிவிட்டு அந்தப் பக்கம் நடந்தார்.

இன்னொருத்தி, "எங்க நாய்க்கு இது ரொம்பப் பிடிக்கும்பா" என்றாள், அவள் நாய் அவள் கால்களுக்கு நடுவில் வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது. ராக்ஸான் அந்த வாலையே பார்த்தார். போகும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்த பஸ் குரலில் சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கிழமை நம்ம முனை பார்ல மீன் வறுவலுக்கு நான் போறேன். நாய் வேணாம், சும்மா வாங்க. நாய் இல்லாமயும் நாம பேசிக்கலாம்ல?"

வருகிறோம், கண்டிப்பா வருகிறோம் என்றார்கள். எல்லோரும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பாரில் கூடி மீன் வறுவல் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம், ராக்ஸான் பெரிய மேஜையாகச் சொல்லி வைத்திருந்தார். உதட்டுச் சாயம் வேறு. மீன் வாசனை, உருளைக்கிழங்கு அடை வாசனை, கம்பு ரொட்டி, பிராந்தி கிளாஸ்கள், ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் ஏரிக் காற்று. ஒவ்வொரு தடவையும் ராக்ஸான் நிமிர்ந்து பார்த்தார். யார் யாரோ வந்தார்கள். எங்கள் மேஜைக்கு யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பூங்காவில் கூட்டம் அதிகம், அவர்களுக்கு அதுதான் நேரம். எத்தனை தடவை பனிக்காலத்தில் இவர் அவர்கள் வழுக்கி விழாமல் இருக்க உப்பு தூவியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் நாலு நாற்காலிய அடுத்த மேஜைக்குக் குடுத்துடட்டுமா?" என்று பரிமாறுகிற பெண் வந்து கேட்டாள்.

"எடுத்துக்கோ" என்றார் ராக்ஸான். "எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"ஒண்ண விடுங்க" என்றது ஒரு குரல். நட்மெக் அம்மா. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையை நீட்டினாள்.

"என் பேரு யெர் வாங். ரெண்டு வருஷமாப் பக்கத்துல உக்காந்திருக்கோம், உங்க பேரு எனக்குத் தெரியாது."

"ராக்ஸான்."

"ராக்ஸான்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "பாக்கறதுக்கு ராக்ஸான் மாதிரி இல்ல."

"வேற எது மாதிரி இருக்கேன்?"

"கிரேவி அம்மா மாதிரி."

நாய் இல்லாமல் எங்கே பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பூங்காவில் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் நாயைப் பார்த்துக்கொண்டே பேசலாம். இங்கே எதிரெதிரே முகம். மீன் வந்தது. யெர் கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தாள், வீட்டில் இடித்த பச்சை மிளகாய்த் துவையல். மீன் மேல் தாராளமாக வைத்தாள்.

"வருஷக்கணக்கா இந்த ஊர்ல இந்த மீனச் சாப்பிடறேன். இது இல்லாம எனக்கு இறங்காது. வேணுமா?"

ராக்ஸான் வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் குடித்தார், பிராந்தி குடித்தார், ரொட்டியைத் திணித்தார். யெர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொல்லப் பாக்கறியா?"

"உங்கள எனக்கு அவ்வளவு தெரியாதே, ஏன் கொல்லணும்?"

அதற்குப் பிறகுதான் யெர் சொன்னாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. நட்மெக் கயிற்றைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறதாம். இழுத்து வெளியே எடுத்துத்தான் காரில் ஏற்ற வேண்டுமாம். போகிற வழியில் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வாந்தி.

"கார் ஒத்துக்கலன்னு நெனச்சேன். சர்ச்சுக்கு, அம்மா வீட்டுக்குன்னு போனா வாந்தி எடுக்கறதில்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கூட்டிட்டுப் போனேன். வீட்டுல யாருமில்ல, வேற எங்க போறது?"

ராக்ஸான் அவளைத் தேற்றவில்லை. டப்பாவைத் தன் பக்கம் இழுத்து இன்னும் கொஞ்சம் துவையல் வைத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் நடக்கிறார்கள். பேக்கர்ஸ் ஆட்டம் நடக்கிற நேரம், தெரு காலியாக இருக்கும். இரண்டு நாய்களும் கிட்டே வந்தால் குரைத்துத் தீர்க்கும் என்பதால், ராக்ஸானும் கிரேவியும் இந்த நடைபாதையில், யெரும் நட்மெக்கும் எதிர் நடைபாதையில். பேசுவதற்கு போன். நடுவில் சாலை, சாலையோரம் தள்ளி வைத்த பனிக் குவியல், அதற்கு மேலே ஒருவர் தொப்பி மற்றவருக்குத் தெரியும். வேறு யாராவது பார்த்தால், எதிரும் புதிருமாக நடந்துகொண்டே தனித்தனியாகப் பேசுகிற இரண்டு பைத்தியங்கள் என்றுதான் நினைப்பார்கள். எதிரே யாராவது நாயோடு வந்துவிட்டால் கஷ்டம். எங்க நாய் சாது, ஒன்றும் செய்யாது என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தளர்த்தி விடுவார்கள். ராக்ஸான் உடனே திரும்பி, யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்றுகொள்வார். ஊர் முழுக்க இப்படித்தான், எத்தனை பேரிடம் சொல்வது.

பூங்காவிலிருந்து ஒருவரும் இதுவரை கூப்பிடவில்லை. மூஸ் அப்பா கடையில் எதிர்ப்பட்டபோது தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். பதினாலு பேரில் ஒருத்தி. ராக்ஸான் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை, ஆனால் மதியம் ரெண்டரைக்கு மேல் கீழே டிவி சத்தம் முன்னைவிட அதிகமாகத்தான் கேட்கிறது.

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். எதிர்ப்பக்கம் நட்மெக் நின்று குரைத்தது. கிரேவி நிமிர்ந்தது. காது விறைத்தது. ராக்ஸானின் கையில் கயிறு இறுகவில்லை. கிரேவி அந்தப் பக்கம் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ராக்ஸான் முகத்தைப் பார்த்தது. அப்புறம் வேலியோரம் காய்ந்து நின்ற ஒரு செடியை மோந்துகொண்டு நடக்க ஆரம்பித்தது.

போனில் யெர் குரல். "பாத்தியா? குரைக்கல. நான் ரோட்டத் தாண்டி வரட்டுமா?"

"வேணாம்."

"அதான் குரைக்கலையே. ரெண்டு நிமிஷம் பக்கத்துல நின்னு பாப்போம்."

"வேணாம்னா வேணாம், யெர். அங்கயே நட."

"காது உறையுது எனக்கு, போனப் பிடிச்சிப் பிடிச்சி. எத்தன நாளைக்கு இப்படி?"

"தெரியாது" என்றார் ராக்ஸான். "கிரேவியே வந்து கேக்கட்டும்."

யெர் எதிர்ப்பக்கம் ஏதோ முணுமுணுத்தாள், போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. ராக்ஸான் கிரேவி நின்ற இடத்திலெல்லாம் நின்று, அது நகர்ந்தபோது நகர்ந்தார்.